அனுதாபம் ஏற்றிய லொறி

கிளிநொச்சியில் பெற்றோல் மணம் மறந்துபோயிருந்த காலத்தில் ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவன் நான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில், ஒரு ஒபிசுக்குள் இருந்த கொம்பியூட்டர்களை வயரால் தொடுத்து ஒன்றோடொன்று கதைக்க வைத்தவன் நான். கூரையில் ஈமெயிலுக்கு டிஷ் பூட்ட வந்த கொழும்பு இஞ்சினியர், இந்தக் காற்றுக்கு இது நிற்காது என்று சொல்லிப் போன பிறகு, பழைய உழவு மெசினின் அச்சை நிலத்தில் நட்டு அதில் டிஷ்சைப் பூட்டி நிற்கவைத்தவனும் நான்தான். மாரி முழுக்க அசையாமல் நின்றது. லொறி பற்றறிகளை வரிசையாக அடுக்கி, கரண்ட் இல்லாத ஊரில் ஈமெயில் மெசினை ஒருநாளும் படுக்கவிடாமல் வைத்திருந்தேன். குளிரூட்டி கேட்டேன், தரவில்லை. சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். மெசின் சந்தோசமாக ஓடியது.

இவ்வளவும் செய்தவன் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். நான் விடவில்லை, பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுத் தப்பியது என்று என்னுடைய கணக்கு வாத்தியார் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு அவருடைய மகனுக்கே நான்தான் ஈமெயில் கணக்கு திறந்து கொடுத்தேன். கணக்கு வாத்தியாரின் மகனுக்குக் கணக்கு. அதை விடுவம்.

பிள்ளைகள், உங்களுடைய ஒபிஸ் செய்திமடலுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். நானும் என்ன எழுதலாம் என்று பார்க்கத்தான் அன்றைக்கு உங்கள் ஒபிசுக்கு வந்து ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தேன். நீங்கள் பெரிய சண்டையில் இருந்தீர்கள். லீவுக் கடிதம் வந்தால் தானாக மேலே அனுப்பி, மறுமொழியைத் தானாகக் கீழே அனுப்புகிற ஒரு ஒழுங்கு செய்திருக்கிறீர்கள். நல்ல வேலை. அதை யாருடைய ஈமெயில் கணக்கில் ஓடவிடுவது என்பதுதான் சண்டை. கண்ணாடி போட்ட தம்பி, மனேஜருடைய கணக்கில் விட்டால்தான் சனம் மதிக்கும் என்றார். பக்கத்தில் இருந்த தங்கச்சி, நான் செய்தது, என்னுடைய கணக்கிலேயே ஓடட்டும் என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சிரித்தேன். ஏன் அங்கிள் சிரிக்கிறீங்கள் என்று கேட்டீர்கள். அந்தச் சிரிப்புக்கு விளக்கம்தான் இது.

யுத்தம் நின்றிருந்த சமாதான காலம். வீதி திறந்திருந்தது. வவுனியாவிலிருந்து ஏதாவது சாமான் எங்கள் பக்கம் வருவதென்றால், ஓமந்தையில் ஆமியின் சோதனை, அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் அடுத்த பக்கத்தின் சோதனை. எந்த லொறி, என்ன சாமான் என்று முதலே பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் இருந்த எங்கள் உதவி நிறுவனத்துக்கு முல்லைத்தீவிலும் ஜெயபுரத்திலும் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் நிரந்தரமாக ஒரு லொறி. பட்டியல் சேர்ப்பதற்குத்தான் நாய்ப்பாடு. ஒருவர் மறப்பார், ஒருவர் பிந்துவார், ஒருவர் போன கிழமைச் சாமானையே திரும்ப எழுதுவார்.

அதற்கு ஒரு மெசின் ஒழுங்கு செய்தேன். கிழமையில் இரண்டு தரம், விடிந்ததும், எல்லாக் கிளைக்கும் தானாக ஒரு ஈமெயில் போகும்: உங்கள் லொறியில் என்ன சாமான் வரவேண்டும்? கிளைக்காரர் மறுமொழி எழுதுவார்கள். மறுமொழியின் முதல் வரியை மெசின் வெட்டி எடுத்து, அந்தக் கிளையின் லொறி இலக்கத்துக்கு நேரே, சாமான் என்ற இடத்தில் போடும். பட்டியல் முடிந்ததும் கொழும்புத் தலைமை ஒபிசுக்கும் வவுனியா ஒபிசுக்கும் தானாகப் போய்விடும். வவுனியாவில் அதை அச்சடித்து ஓமந்தைக்குக் கொண்டு போவார்கள். மனிதக் கை படாது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அது சின்ன விசயமில்லை. கொழும்பிலிருந்து வந்து பார்த்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் மெசின் இருந்தது, நான் இல்லை.

முதலில் அதைப் பெரியவருடைய கணக்கில் விட்டிருந்தோம். பெரியவர் என்றால் வெள்ளைக்காரப் பணிப்பாளர். அவருடைய பேரில் கேள்வி வந்தால் கிளைக்காரர் எழும்பி நின்று மறுமொழி போடுவார்கள். கண்ணாடித் தம்பி, நீர் சொன்ன அதே நியாயம்தான். நன்றாக ஓடியது, அவர் இருக்கும்வரைக்கும். அவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றம் வந்தது. மாலை போட்டு அனுப்பினோம். அவர் கட்டுநாயக்காவில் விமானம் ஏற முதலே கொழும்பு அவருடைய கணக்கைப் பூட்டிவிட்டது. மெசின் விடிய எழும்பி, பூட்டின கதவைத் தட்டிவிட்டுச் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. கேள்வி போகவில்லை, பட்டியல் வரவில்லை, லொறிகள் வவுனியாவில் வெயில் காய்ந்தன. எங்களுடைய சாரதி ஒருவர் சொன்னார்:

"வெள்ளைக்காரன் தனக்குச் சொல்லாமல் போயிட்டான் எண்டு மெசின் கோவிச்சுக்கொண்டு கிடக்கு. மாலை போடேக்க அதுக்கும் ஒண்டு போட்டிருக்க வேணும்."

அப்போதுதான் கூட்டம் வைத்தோம். மாற்றம் வந்து போகாத ஆள் யார்? எல்லாரும் ஒரே பேரைச் சொன்னார்கள். நிர்வாக அக்கா.

அவாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தண்ணீரூற்று அவாவின் ஊர். ஒபிசில் கதவுத் திறப்புகள், லீவுகள், சண்டைகள் எல்லாம் அவாவின் மேசைக்குத்தான் வரும். குரல் உயர்த்த மாட்டா. ஆளைப் பார்த்து "அப்பிடியோ" என்று ஒரு சொல் சொன்னால், அந்த ஆள் தானாகவே உண்மையைச் சொல்லிவிடுவார். அவாவிடம் வேலை பழகினவர்கள்தான் பிறகு கொழும்பில் பெரிய கதிரைகளில் இருந்தார்கள். என்னையும் அவாதான் பழக்கினது என்று சொல்லுவார்கள். நான் பழகத் தயாராக வந்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவாவின் கணக்கில் மெசினை விட்டோம். கிளைக்காரர் பயந்து அல்ல, ஆசையாக மறுமொழி போட்டார்கள். "அக்கா கேட்டவா" என்று தாங்களே சாரதிகளுக்குச் சொல்லுவார்கள். அக்கா கேட்கவில்லை, மெசின்தான் கேட்டது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், பேரைக் கண்டதும் அது மறந்துவிடும். நம்முடைய சனம் கடிதத்தைப் படிப்பதில்லை பிள்ளைகள், கடிதம் போட்ட ஆளைத்தான் படிக்கும்.

மாரி மழையை நம்பிக் கால போக நெல் விதைக்கிற நேரம், அக்காவின் தகப்பனார் தண்ணீரூற்றில் காலமானார்.

ஒபிஸ் முழுக்கச் செத்தவீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தோம். அடுத்தநாள் விடிந்தது. நாங்கள் எல்லாரும் கவலையில் இருந்தோம். மெசினுக்குக் கவலை இல்லை. அது வழமைபோல எழும்பி, அக்காவின் பேரில், உங்கள் லொறியில் என்ன சாமான் வரவேண்டும் என்று எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

கிளைகளில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கோ. தகப்பனைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிற மனிசியிடமிருந்து கடிதம் வருகிறது. செத்தவீட்டுக்காரரோடு வேலை கதைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரைக்கும் கடன்காரன்கூட வாய் திறக்க மாட்டான். மறுமொழி போடாமல் விடுவதும் மரியாதை இல்லை. ஆகவே எல்லாரும், ஒருவர் பாக்கியில்லாமல், எது மரியாதையோ அதை எழுதினார்கள். ஆங்கிலத்தில்தான், அப்போது எல்லாம் ஆங்கிலம்தான். முல்லைத்தீவு எழுதியது, ஆத்மா சாந்தியடையட்டும். ஜெயபுரம் எழுதியது, ஆழ்ந்த அனுதாபங்கள்.

மெசின் முதல் வரியை வெட்டி எடுத்துச் சாமான் என்ற இடத்தில் போட்டுப் பட்டியலை அனுப்பியது.

முல்லைத்தீவு லொறிக்கு அந்தக் கிழமை ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, அது தப்பியது. ஜெயபுரத்து லொறியில்தான் விதைநெல் இருந்தது.

அடுத்தநாள் காலை என்னுடைய மேசைக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் ஜெயபுரத்தில் வயல் செய்கிறவர்களின் கமக்காரர் சங்கத் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணியை நம்பிக் காடு வெட்டிக் குடியேறின குடும்பம். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. மற்றவர் லொறிச் சொந்தக்காரர், தண்ணீரூற்று முஸ்லிம் வியாபாரி, எல்லாருக்கும் நானா. இடம்பெயர்ந்து பல வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு, வீதி திறந்தபிறகு வந்து மறுபடியும் வியாபாரம் தொடங்கினவர். தானே லொறி ஓட்டுவார். லொறியை ஓமந்தையில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"தம்பி," என்றார் நானா, "நான் வவுனியாவில என்ன ஏத்தினனான்?"

"விதைநெல்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். ஓமந்தையில பேப்பரைப் பாத்துப்போட்டுச் சொல்லுறாங்கள், இதில ஏத்தியிருக்கிறது ஆழ்ந்த அனுதாபமாம். மூட்டையை அவிட்டுப் பாத்தால் நெல்லு. அப்ப அனுதாபம் எண்டு ஏன் எழுதினது, உது என்ன குறிச்சொல்லு எண்டு என்னைக் கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல? முப்பாட்டன் காலந்தொட்டு வியாபாரம் செய்யிறம், அனுதாபம் மட்டும் ஏத்தினதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கத் தலைவரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"மேகம் கறுத்துக்கொண்டு வருது," என்றார் அவர். "வயலில தண்ணி கட்டினால் பிறகு விதைக்க ஏலாது. நீங்கள் வித்துத் தாறம் எண்டு கூட்டம் வைச்சுச் சொன்னபடியால், சனம் வீட்டில வைச்சிருந்த வித்தைக் குத்திச் சாப்பிட்டுட்டுது. நான்தான் சாப்பிடுங்கோ எண்டு சொன்னனான். வித்தில்லாமல் நான் ஜெயபுரத்துக்குத் திரும்ப ஏலாது. இஞ்சதான் இருக்கப்போறன்."

சொன்னபடியே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

புதிய பணிப்பாளர் கொழும்புத் தமிழர், நல்ல மனிசன். விசயத்தைக் கேட்டு வேர்த்துப்போனார். ஓமந்தைக்காரர் கேட்பது ஒன்றுதான்: பட்டியலை அனுப்பிய ஆளே பிழையைத் திருத்தி அறிவிக்க வேண்டும். பட்டியலை அனுப்பிய ஆள் யார்? பேப்பரில் அக்காவின் பேர்.

"அவாவின்ர கணக்குத் திறப்பு, அந்தப் பாஸ்வேர்ட், உம்மட்டத்தானே இருக்கு," என்றார் பணிப்பாளர். "அவாவின்ர பேரில ரெண்டு வரி எழுதி அனுப்பும். விசயம் முடிஞ்சுது."

"அவா செத்தவீட்டில ஐயா."

"தெரியும். நேற்று விடிய மெசின் அவாவின்ர பேரில அனுப்பலாம், இண்டைக்கு நீர் அனுப்பக் கூடாதோ?"

நல்ல கேள்வி. படித்த மனிசன் கேட்கிற கேள்வி. நான் சொன்னேன்: "மெசினுக்கு வெக்கமில்லை ஐயா. எனக்கு இருக்கு."

வெட்கம் மட்டும் அல்ல பிள்ளைகள், இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கோ. வவுனியா ஒபிஸ்காரருக்கு இப்போது விளங்கிவிட்டது, அக்கா செத்தவீட்டில் இருக்கும்போது அவாவின் பேரில் யாரோ எழுதுகிறார்கள் என்று. விடிய ஒபிஸ் றேடியோ செற்றில் என்னிடம் அதைத்தான் கேட்டார்: அந்தப் பட்டியல் உண்மையில் ஆர் அனுப்பினது? இனி அதே பேரில் இன்னொன்று போனால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓமந்தைக்குப் போக அவருக்குத் துணிவு வராது. ஒரு பேர் ஒருமுறை பொய்யாகிவிட்டால், அதே பேரில் உண்மை எழுதினாலும் பொய்தான். அந்தப் பேருக்குரிய ஆள் வாய் திறந்தால்தான் அது மறுபடியும் உயிர் பெறும்.

பிக்கப்பை எடுத்தேன். அதில் நெடுந்தூரம் கதைக்கிற றேடியோ செற் இருந்தது, பூட்டினதும் நான்தான். நானா முன்னுக்கு ஏறினார். சங்கத் தலைவர் கேட்காமலே பின்னுக்கு ஏறினார். தண்ணீரூற்றுக்கு விட்டேன்.

செத்தவீட்டில் பந்தல் அப்படியே இருந்தது. சனம் கதிரைகளில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் இருந்தோம். யாரோ பிளேன்ரீ தந்தார்கள், குடித்தோம். நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஜெனரேற்றர் பற்றி எரிந்தபோதுகூட நான் யோசிக்காமல் ஓடிப்போய் அணைத்தவன். ஒரு மனிசியிடம் நெல் என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. நானா முழங்கையால் இடித்தார்.

"கேளும்."

"நீங்கள் கேளுங்கோ நானா. ஊர்க்காரர்."

"ஊர்க்காரன் கேக்கேலாது. அதுதான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

சங்கத் தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மேற்கில் நன்றாக இருண்டிருந்தது.

உள்ளேயிருந்து அக்கா வெளியே வந்தா. கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் நின்றா.

"நேற்றுமுந்தநாள் வந்து இருந்துட்டுப் போனனீர்," என்றா. "செத்தவீட்டுக்கு ரெண்டாந்தரம் வாற ஆள் இல்லையே நீர். என்ன, உம்மட மெசினும் செத்துப்போச்சோ?"

"இல்லை அக்கா. அது உயிரோடதான் இருக்கு. அதுதான் பிரச்சினை."

"அப்பிடியோ," என்றா.

அந்தச் சொல் வந்த பிறகு என்ன செய்வது, எல்லாவற்றையும் சொன்னேன். அனுதாபம் ஏற்றிய கதைக்கு வந்ததும் அவா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அழுகிறாவா, சிரிக்கிறாவா என்று தெரியவில்லை. இரண்டும் என்று பிறகு சொன்னா. தகப்பனார் இருந்திருந்தால் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாராம்.

"விடியத்தொடங்கி வாற சனமெல்லாம், பிள்ளை செத்தவீட்டிலயும் வேலை செய்யிறியோ எண்டு என்னைக் கேக்குது," என்றா. "நான் அழுதுகொண்டு கிடக்க என்ர பேரில ஆர் கதைச்சது எண்டு நானும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்." பிறகு சங்கத் தலைவரைப் பார்த்தா. சேற்றுக் காலைப் பார்த்தா. "செற் எங்க நிக்குது?"

பிக்கப்பின் முன் சீற்றில் வெள்ளைச் சேலையோடு ஏறி இருந்து றேடியோவைக் கையில் எடுத்தா. பந்தல் முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

"வவுனியா, வவுனியா. நிர்வாக அக்கா கதைக்கிறன். ஓவர்."

இரைச்சலுக்குள் வவுனியாக்காரரின் குரல், உடைந்து வந்தது: "அக்கா, அப்பாவின்ர விசயம் கேள்விப்பட்டு எங்களுக்கு ஒரு வேலையும் ஓடேல்ல. வர ஏலாமல் போச்சு, குறை நினைக்காதேங்கோ அக்கா. ஓவர்."

"குறையில்லை. இப்ப ஓமந்தையில..." அவா முடிக்கவில்லை, அடுத்த குரல் குறுக்கே வந்தது.

"அக்கா, முல்லைத்தீவு. நாங்கள் பின்னேரம் எல்லாரும் வாறம் அக்கா. ஓவர்."

"அக்கா, ஜெயபுரம். ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா. ஓவர்."

"ஜெயபுரம்," என்றா அக்கா, "உங்கட அனுதாபம் ஏற்கெனவே ஓமந்தை மட்டும் வந்து நிக்குது. இப்ப நெல்லைச் சொல்லும். ஓவர்."

ஜெயபுரம் கிளைக்காரப் பொடியன் தடுமாறிப்போனான். "அக்கா, லொறியில விதைநெல் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் அப்பாவைக் குடுத்துட்டு இருக்க, நெல்லு எண்டு எழுத மனம் வரேல்ல. பிறகு ஆரிட்டயும் சொல்லுவம் எண்டு விட்டனான். ஓவர்."

அவா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு தன் வழமையான குரலில், லொறி இலக்கம் இது, சாமான் விதைநெல், போய்ச் சேருமிடம் ஜெயபுரம், பட்டியலில் வந்த பிழை எங்களுடையது, இதை நானே சொல்லுகிறேன் என்று சொன்னா. வவுனியாக்காரர் எழுதிக்கொண்டார். அக்காவின் குரலைத் தன் காதால் கேட்ட துணிவோடு அவரே ஓமந்தைக்கு நேரில் போனார்.

றேடியோவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. "இனி அந்த மெசின் என்ர பேரில வாய் திறக்கக் கூடாது."

"ஓம் அக்கா. என்ர பேரில விடுவம். நான்தானே செய்தனான்."

பின்னுக்கு நின்ற நானா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு உம்மட வீட்டில ஒண்டு நடந்தால்? உமக்கு அனுதாபம் வரும். இன்னொரு லொறி நிக்கும்."

"இவருக்கு அனுதாபம் வரும் எண்டு நான் நம்பேல்ல," என்றார் நானா.

தங்கச்சி, நான் செய்தது என்னுடைய கணக்கிலேயே ஓடட்டும் என்று சொன்ன நீங்கள், இதை இரண்டு தரம் படியுங்கோ.

"ஒபிஸ் வாசலில ஒரு தபால்பெட்டி இருக்கெல்லே," என்றா அக்கா. "அது ஆரின்ர பேரில இருக்கு?"

"ஒருத்தற்ற பேரிலயும் இல்லை. ஒபிஸ் பேரில."

"திறப்பு?"

"உங்களிட்ட ஒண்டு, வாசல் காவல்காரரிட்ட ஒண்டு."

"நான் இல்லாட்டி?"

"அவர் திறப்பார்."

"பிறகென்ன," என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டா. செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. நாங்களும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

நானாவின் லொறி அன்றைக்கே ஓமந்தை தாண்டி, புளியங்குளம் தாண்டி, ஜெயபுரம் போய்ச் சேர்ந்தது. மழையும் அதன் பின்னாலேயே போனது. பள்ளத்து வயல்கள் கொஞ்சம் தண்ணிக்குள் போனது உண்மை, அவற்றை விதைக்க முடியவில்லை. மேட்டில் இருந்ததெல்லாம் விதைத்தார்கள். கொஞ்ச நாளால் சங்கத் தலைவர் ஒபிசுக்கு வந்தார், கால் கழுவி. "உங்கட அனுதாபம் நல்லா முளைச்சிருக்கு," என்றார். "வந்து பாருங்கோ."

நான் புதிய கணக்கைத் திறக்கப் போனேன். அதற்கும் ஒரு போர். கொழும்பு சொன்னது, ஆளில்லாமல் கணக்குத் தர ஏலாது. நான் சொன்னேன், பொறுப்பான ஆட்களின் பேரை எழுதித் தாறன், ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். ஆனால் கணக்குக்கு அந்தப் பேரை வைக்கேலாது. உங்கட நாற்காலிக்கு உங்கட பேரோ வைச்சிருக்கு, பதவியின்ர பேர்தானே என்று கேட்டேன். என்னுடைய ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிக்கவே அரைநாள் போனது. கடைசியில் தந்தார்கள். வாகன ஒழுங்கு என்று கணக்கின் பேர். அந்த ஒரு வேலையைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாதபடி அதைக் கட்டிவைத்தேன். யாருடைய கடிதத்தையும் திறக்காது, யாருடைய பேரிலும் எழுதாது. சாமான் அல்லாத மறுமொழி வந்தால் பட்டியலில் போடாமல் ஒரு மனிசனிடம் நீட்டும். மறுமொழி வராவிட்டால் ஒன்றுமில்லை என்று தானாக முடிவு கட்டாது, அதையும் மனிசனிடம்தான் கேட்கும்.

முதல் இரண்டு கிழமை ஒருவரும் மறுமொழி போடவில்லை. யாரோ புதுசாக வந்திருக்கிறார், இவர் யார், எந்த ஊர், யாருடைய ஆள் என்று கிளைகளில் விசாரணை நடந்தது. முல்லைத்தீவிலிருந்து ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு வாகன ஒழுங்குக்கும் குடும்பத்துக்கும் அழைப்பு அனுப்பினார். கடைசியில் ஒவ்வொரு கேள்வியின் கீழும் நான் எழுதி வைத்தேன்: இது மெசின். இதற்கு ஊரில்லை, உறவில்லை, கல்யாணத்துக்கு வராது, செத்தவீட்டுக்குப் போகாது. மறுமொழி போடுங்கோ. இதற்குப் பொறுப்பு இன்னார், இன்னார். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. அக்கா வேலைக்குத் திரும்பின அன்று அதைப் படித்துவிட்டு, "மெசினை விட இவர் கூடக் கதைக்கிறார்" என்று மட்டும் சொன்னா. அவாவிடமிருந்து அது பாராட்டு.

யுத்தம் திரும்பி வந்து வீதி மறுபடியும் பூட்டுப்பட்ட பிறகும் அந்தக் கணக்கு கிழமையில் இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, உங்கள் லொறியில் என்ன சாமான் வரவேண்டும் என்று. கிளைக்காரர் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். ஒருநாள் அக்காவும் நானும் பக்கத்தில் நின்று அதை நிறுத்தினோம். இரண்டு பொறுப்பாளரும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும் என்பது எங்களுடைய விதி. பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை.

ஆனால் அந்த முறை சாகவில்லை. கொழும்பில் அது சுற்றறிக்கையாக வந்தது. தானாக ஓடும் ஈமெயில் ஒழுங்குகள் தனிநபர் கணக்கில் ஓடக் கூடாது, பணிக்கென்று தனிக் கணக்கு வேண்டும், பொறுப்பாளர் இருவர் வேண்டும், அந்தக் கணக்குக்கு அந்த வேலைக்கு மேலே அதிகாரம் கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. கீழே ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்து. ஜெயபுரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது. அந்தச் சுற்றறிக்கையைத்தான் இன்றைக்கு நீங்கள் உங்கள் கையேட்டில் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் மேசையில் கண்டேன். சண்டை பிடித்துக்கொண்டிருந்தபடியால் அதை ஒருவரும் படிக்கவில்லை என்பதையும் கண்டேன்.

ஆகவே கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். கணக்குக்கு ஆளின் பேர் வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் அந்த விதிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யோசனை சொன்னவா ஒருத்தி, தகப்பனின் செத்தவீட்டில் இருந்துகொண்டு சொன்னவா. செய்து முடித்தவன் நான், கொழும்போடு சண்டை பிடித்துச் செய்தவன். கையேட்டில் அந்தப் பக்கத்தின் கீழே எங்கள் இரண்டு பேரின் பேரும் வரவேண்டும். அவாவின் பேர் முதலில் வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுத்து மட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அச்சடித்த பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கோ. தானாக அனுப்பும் ஒழுங்கில் போட்டுவிடாதேங்கோ. உங்களில் ஒருவர், உங்கள் சொந்தப் பேரில், கையெழுத்து வைத்து அனுப்புங்கோ.